விரதம் இருந்த மீன்கள்

சரளாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் லகாட்டில் யாரும் இல்லை. நானும் பலமுறை முயன்று பார்த்துவிட்டேன். என் பெயர் மாயாண்டி, மலேசியாவில் ஈப்போ பக்கம் உயிர்மீன் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதற்குக் காற்று ஊத ஒரு மோட்டார், முன்னால் நான். லகாட் பக்கத்துக் குளங்களில் பிடிக்கிற மீனை உயிர் போகாமல் ஈப்போ சாப்பாட்டுக் கடைகளில் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தாகிவிட்டது. பெண் முதலாளி, அதுவும் நம் தமிழ் வீட்டுப் பெண், சரளா ஒருத்திதான். சீன முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி “டௌக்கே” என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பாள். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று பார்ப்பாள்.

அவள் போன வருஷம் தன் மீன்களை விரதம் இருக்க வைத்தாள். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அப்புறம் சில நாள் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

சரளா பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள். மாரியம்மன் கோவில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றுகொண்டது. குடும்பம் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் ஏறியது. சரளா கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டப் போனாள். அங்கே சூப்பர்வைசரிடம் நேருக்கு நேர் நின்று, நீங்கள் செய்வது தப்பு என்பாளாம். மறுநாள் தான் சொன்னதுதான் தப்பு என்று தெரிந்தால், அதையும் அதே குரலில் அவரிடமே போய்ச் சொல்வாளாம். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்வது எல்லாம் விளங்கும்.

கணவன் பவித்ரன், என் பக்கத்து வீட்டுக்காரன், இரும்பு ஒட்டும் வேலை பார்த்தவன். நல்ல பிள்ளை, வம்பு தும்பு கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. வேலையிடத்தில் காலில் ஆணி ஏறியது. உடம்பில் சர்க்கரை வேறு. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்ததும் மிச்ச மாத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டான். மறுபடி வீங்கினால் இழுப்பறையைத் திறப்பான், இரண்டு விழுங்குவான், மூடுவான். “மாத்திரைய மிச்சம் புடிக்கிறான்லா” என்று நான் கேலிகூடச் செய்தேன். கடைசியில் கால் கறுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புண்ணில் இருக்கும் கிருமி வழக்கமான மருந்து எதற்கும் அடங்கவில்லை என்றார் டாக்டர். ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். விரல்கள் போயின. கால் போவதற்கு முன்னால் கடைசியாகக் கொடுத்த மருந்து பிடித்துக்கொண்டது.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சரளா இரண்டு காரியம் செய்தாள். கால் தங்கினால் வருஷா வருஷம் தோட்டத்துக் கோவிலில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அது ஒன்று. மருந்துக்கு அடங்காத கிருமி எங்கிருந்து வந்தது என்று டாக்டரை மடக்கிக் கேட்டாள். அது இன்னொன்று. பாதியில் நிறுத்துகிறவர்களால் வருகிறது, நோயே இல்லாத ஆடு மாடு மீனுக்கெல்லாம் மருந்தைத் தீவனம்போலக் கொட்டுவதாலும் வருகிறது என்று அந்த மனிதர் நின்று பொறுமையாகச் சொன்னார். மீன் என்ற சொல் அப்போது எங்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. அவளுக்கு மட்டும் காதில் தங்கிவிட்டது.

பவித்ரனால் அதற்குப் பிறகு நின்று வேலை பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான், லகாட்டில் மீன் வளர்த்துக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவர் பிள்ளைகளோடு பினாங்குக்குப் போக முடிவுசெய்தார். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று குளமாகிக் கிடக்கும், அவற்றை நாங்கள் லோம்போங் என்போம். அப்படி ஒரு லோம்போங்கில் மிதக்கும் டிரம்களின்மேல் பலகை அடித்து, நான்கு வலைக்கூண்டுகள் கட்டியிருந்தார். அதை விசாரித்து அவளிடம் சொன்னவனும் நான்தான், வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். சரளா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டாள். கூண்டுகளை வாங்கிச் சிவப்புத் திலாப்பியாக் குஞ்சுகளை விட்டாள்.

விட்ட முதல் வருஷமே குஞ்சுகளின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. “அம்மை போட்டிருக்குண்ணே” என்றாள், சந்தேகமே இல்லாமல். வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தாள். கூடை கூடையாக வேப்பிலை பறித்துவந்து மஞ்சளோடு அரைத்து ஒரு கூண்டுக்குள் கரைத்துவிட்டாள். சாயங்காலம் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவள் பலகையில் உட்கார்ந்து அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, யாரிடம் கேட்கலாம் என்றாள்.

அப்படித்தான் கிருஷாந்தி வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து ஈப்போவிலேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பெண். மீன் நோய்களை ஆராயும் கூடத்தில் வேலை. செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு போனவள் இரண்டாம் நாள் திரும்பி வந்து சொன்னாள்.

“அக்கா, புள்ளி ஒரு ஒட்டுண்ணியால வந்தது. ஆனா மீன் செத்தது அதால இல்ல. வேப்பிலையாலதான்.”

“வேப்பிலை இயற்கை மருந்துலா. கெமிக்கல் இல்லியே.”

“இலைக்குள்ள இருக்கிறதும் மருந்துதானே அக்கா. கிருமியக் கொல்லக்கூடிய ஒண்டு அளவு மீறினா மீனையும் கொல்லும். இயற்கை எண்டு சொன்னா மீனுக்கு விளங்குமா?”

நான் சண்டை வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சரளா வேப்பிலைக் கூடையை ஓரமாகத் தள்ளினாள். “சரி, அப்ப எத எவ்வளவு குடுக்கணும்?” என்று கேட்டாள். அன்றைக்கு அந்த இருவருக்கும் ஒட்டிக்கொண்டது இன்னும் பிரியவில்லை.

கிருஷாந்தி பூண்டைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். மீனுக்கு நோய் வந்த பிறகு கொடுக்கிற பூண்டைப் பற்றி இல்லை. நோய் வராதபோதே தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தால், மீனின் ரத்தத்தில் கிருமியை எதிர்த்துப் போராடும் அணுக்கள் விழித்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தொட்டியில் பார்த்தாயிற்று, நிஜமான குளம் ஒன்று வேண்டும். சரளா இரண்டு கூண்டைப் பூண்டுக்குக் கொடுத்தாள். இரண்டு கூண்டுக்கு வெறும் தீவனம், ஒப்பிட்டுப் பார்க்க.

பூண்டு வேலை லேசானது இல்லை. நசுக்க வேண்டும். நசுக்கியதை உடனே கலக்காமல் சிறிது நேரம் காற்றில் விட வேண்டும், அப்போதுதான் அதன் காரம் பிறக்கும். பிறகு தீவனத்தில் பிசறி, மேலே துளி எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். முதல் வாரம் சரளா கெட்டிக்காரத்தனமாக வெயிலில் காயவைத்தாள். வாசமும் போயிற்று, காரமும் போயிற்று. கிருஷாந்தி வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சரியாக வந்தது. சரளா என் லாரியில் ஏறி ஈப்போவுக்கு வருவாள், வண்டி முழுக்க ரசம் கொதிக்கிற வாடை அடிக்கும். வாடையைப் பற்றி நான் முனகினால் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்ளச் சொல்வாள்.

ஈப்போவில் மீன் வாங்கும் கடைக்காரர்களிடம் அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தாள்: வெயில் காலம் வந்தால் எல்லாரும் தீவனத்தில் மருந்து கலப்பார்கள், என் குளத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அவர்களும் நம்பி, அவள் மீனைத் தனியாகக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். பவித்ரனின் காலைப் பார்த்த யாருக்கும் அவள் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருக்கிறாள் என்று விளக்கத் தேவையில்லை.

போன வருஷம் சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கோவிலில் தீமிதியும் சித்திரையில்தான். சரளா காப்புக் கட்டுவதற்கு முன்பே விரதத்தைத் தொடங்கிவிடுகிற ஆள். மச்சம் மாமிசம் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, தனிச் சட்டி, தனிப் பாய். அந்தக் கோவிலின் கட்டுப்பாடு அப்படி. ஒருநாள் காலையில் நான் குளத்துக்குப் போனபோது பூண்டு வாசமே இல்லை. அம்மியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

“பூண்டு எங்க?”

“விரதம்ண்ணே.”

“உனக்குத்தானே விரதம்? மீனத் தொடலாம், பூண்டத் தொடக்கூடாதா? என்னலா இது கணக்கு?”

“மீன் உயிரோட நீந்துது. நான் அத வெட்டுறேனா, விக்கிறேனா? தீமிதி முடியிற வரைக்கும் ஒரு மீனும் கரை ஏறாது. பூண்டு அப்படி இல்ல, நசுக்கணும். கையில ஏறுன வாடை லேசுல போவாது. அந்தக் கையோட வெளக்கு ஏத்தச் சொல்றீங்களா?”

“அப்ப நான் நசுக்கிப் போடுறேன்.”

“யார் நசுக்குனா என்ன, கொளம் யாரோடது? எனக்கு வீடும் கொளமும் ஒன்னுதான். நான் விரதம்னா மீனும் விரதம்.”

“மீனுக்கு யாரு காப்புக் கட்டுனா?”

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே.”

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். சிரிப்பு அந்த வாரமே அடங்கியது. பக்கத்து லோம்போங் லியோங்குடையது. நல்ல மனுஷன், பவித்ரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். வெயில் காலம் தொடங்கியதும் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து கலந்த தீவனம் போடுவது அவர் வழக்கம். அந்த வருஷம் மருந்து போட்டும் அவர் மீன்கள் கண் பிதுங்கி, தலை சுற்றிய மாதிரி ஒரே இடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தன. வெயிலில் தண்ணீர் சூடானால் திலாப்பியாவுக்கு வரும் நோய் அது. வட்டமடிக்கிற மீன் இரை எடுக்காது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். லியோங் தினமும் வாளி வாளியாக அள்ளிப் புதைத்தார்.

அந்த நிலையிலும் ஒரு மூட்டை மருந்துத் தீவனத்தைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து சரளாவின் ஸ்டோரில் இறக்கினார். “அமோய், பாகி மக்கான் இனி. ஜாங்கான் துங்கு” என்றார். பெண்ணே, இதைச் சாப்பிடக் கொடு, காத்திருக்காதே என்று மலாயில் அர்த்தம். சரளா நன்றி சொன்னாள். மூட்டையைத் தொடவில்லை.

அவள் மீன்கள் விற்கிற பருவத்துக்கு வந்திருந்தன. நான்கு கூண்டும் நிறைந்து நின்றன. மருந்து போட்டால் கடைக்காரர்களிடம் சொன்ன சொல் போச்சு. போடாவிட்டால் மீனே போகலாம். நோயைத் தாங்க வைத்திருந்த பூண்டையும் விரதம் என்று நிறுத்தியாயிற்று. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வேண்டுதலை வைத்தது காலுக்காக, காலைத் தின்றது மருந்துக்கு அடங்காத கிருமி, அதற்காகத்தானே இவ்வளவு பாடு, இப்போது வேண்டுதலே குறுக்கே நிற்கிறதே என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

“ரெண்டும் அந்தக் காலுக்காக நான் குடுத்த வாக்குண்ணே. ஒன்ன வச்சு ஒன்ன அழிக்க முடியாது” என்றாள். குரல் தடுமாறவில்லை. கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

கிருஷாந்தி ரத்தம் எடுக்க வந்தபோது விஷயம் வெளியே வந்தது. கவிழ்த்திருந்த அம்மியைப் பார்த்தாள், சரளாவைப் பார்த்தாள்.

“எப்ப நிப்பாட்டினீங்கள்?”

“விரதம் தொடங்குன அன்னிக்கே.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல? இடையில விடக்கூடாது எண்டுதானே எழுதி வச்சிருக்கிறம். என்ர ஒரு வருஷ வேலை அக்கா!”

“சொல்லாதது என் தப்பு. நிறுத்துனது தப்புன்னு எனக்குத் தோணல. திட்டணும்னா நல்லாத் திட்டிரு, அப்புறம் இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு.”

கிருஷாந்தி திட்டினாள். நன்றாகவே திட்டினாள். பிறகு கூண்டுக்குச் சில மீன்களாகப் பிடித்து, ஊசியால் ரத்தம் எடுத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியதும் யோசனையாகச் சொன்னாள்.

“உங்கட வீடு இருக்கிற தாமான்ல காவலுக்கு ஒரு ஜாகா இருக்கிறார்தானே? கள்ளன் வாறான் எண்டு ஒருநாள் சத்தம் போட்டா எழும்பி ஓடுவார். ஒவ்வொரு நாளும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தா?”

“எங்க ஜாகா எதுக்கும் எந்திரிக்க மாட்டாருலா” என்றேன் நான்.

“அதைத்தான் சொல்லுறன் அங்கிள். பூண்டு மீனோட காவலை எழுப்புற சத்தம். விடாமக் குடுத்தா காவல் பழகிப்போய்ப் படுத்திடுமோ எண்டு எங்களுக்கே ஒரு சந்தேகம் இருக்கு. இடைவெளி விட்டா நல்லதாவும் இருக்கலாம். ஆனா இந்தக் குளத்தில, இந்த வெயில்ல, எனக்குத் தெரியேல்ல. சும்மா ஆறுதலுக்குச் சொல்ல மாட்டன்.”

தெரியாது என்று ஒரு படித்த பெண் வாய்விட்டுச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. சரளாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கிருஷாந்திக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

தீமிதி அன்று காலை சரளா மஞ்சள் புடவையில் குளத்துக்கு வந்தாள். சிலிம் ரிவருக்குப் போகும் வேன் ரோட்டில் நின்றது. பவித்ரனிடம் சொன்னாள்: “ஸ்டோரப் பூட்டல. மூட்டை அங்கதான் இருக்கு. நான் வர்ற வரைக்கும் நீங்கதான் இங்க டௌக்கே. எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க. அப்புறம் உங்களக் கேள்வி கேக்க மாட்டேன்.”

என் காதையே நான் நம்பவில்லை. வேன் கிளம்பியது. பவித்ரன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் காற்று அசையவில்லை. சுண்ணாம்புக் குன்றுகள் வெயிலில் வெளுத்து நின்றன. நாங்கள் இருவரும் நிழல் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். வெறும் தீவனம் போட்ட கூண்டு ஒன்றில் ஒரு மீன் வட்டமடித்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பக்கத்தில் இன்னொன்று சுற்றியது. சற்று நேரத்தில் அந்த இரண்டு கூண்டிலும் அங்கங்கே தண்ணீர் சுழிக்க ஆரம்பித்தது. பூண்டுக் கூண்டுகளில் எதுவும் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

பவித்ரன் பலகைமேல் கெந்திக் கெந்திப் போய் மூட்டையை இழுத்துவந்தான். கத்தியை எடுத்தான்.

“வெட்டு தம்பி” என்றேன். “அவ கேட்டா நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லு.”

அவன் மூட்டைமேல் உட்கார்ந்தான். தன் குட்டைப் பாதத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தான். “இது என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாதுண்ணே. இழுப்பறையிலேர்ந்து எடுத்து முழுங்குற மாதிரிதான் இருக்கு. நான் கேட்டுட்டுச் செய்யுறேன்.”

அந்தப் பக்கம் கிருஷாந்தி கத்தியது எனக்கே கேட்டது. “அந்த மூட்டையத் திறக்காதேங்கோ! லியோங்கின்ர மீனை நாங்கள் சோதிச்சிட்டம். அந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்கேல்ல. நான் வாறன்.”

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டாள். மிருக வைத்தியரிடம் கேட்டு, கிருமி அடங்கக்கூடிய வேறு மருந்தை அளவோடு வாங்கிவந்திருந்தாள். சுற்றுகிற மீன்களை வலையால் அள்ளி அப்புறப்படுத்தினோம். மற்றவை இன்னும் இரை எடுத்துக்கொண்டிருந்தன, அதுதான் நல்ல காலம். வெறும் தீவனக் கூண்டுகளுக்கு மருந்து கலந்து போட்டோம். நான் மிச்சத்தை அள்ளிக்கொண்டு பூண்டுக் கூண்டுப் பக்கம் போனேன். எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். பவித்ரன் என் கையைப் பிடித்தான்.

“அதுக்கு வேணாம்ண்ணே. அது நோயில இல்ல.”

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. சரளா வெறுங்காலோடு இறங்கி நேராகப் பலகைக்கு வந்தாள். பாதத்தின் ஓரத்தில் சாம்பல் அப்படியே இருந்தது. முதலில் பூண்டுக் கூண்டுகளுக்குப் போய்த் தண்ணீர்மேல் கையை நீட்டினாள். கை நிழலைக் கண்டதும் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே முண்டியடித்தன. ஒன்றுகூடச் சுற்றவில்லை. அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்புறம் மற்ற கூண்டுகளைப் பார்த்தாள். பாதி வெறிச்சோடி இருந்தன.

“மருந்து போட்டீங்களா?”

பவித்ரன் தலையைக் குனிந்துகொண்டான். “போட்டேன். இந்த ரெண்டுக்கு மட்டும். உன் சொல்லு போச்சு சரளா.”

நான் இடையில் பாய்ந்து எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“யாரு சொன்னா போச்சுன்னு? நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் என்ன, பூண்டா அரைச்சு ஊத்துனேன்? டாக்டர் குடுத்த மருந்துலதானே இந்தக் கால் இங்க நிக்குது? நோயில கெடக்குறதுக்கு மருந்து குடுக்காம வேற யாருக்குக் குடுக்குறது? நல்லா இருக்குறதுக்குக் குடுக்கக் கூடாதுங்குறதுதான் என் சொல்லு. அது அப்படியேதான் இருக்கு.”

சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, சாம்பல் ஒட்டிய காலை அவன் காலுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டாள். பவித்ரன் அழுதான். நான் லாரியில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

பூண்டுக் கூண்டு மீன்கள் அந்த வாரம் என் லாரியில் ஈப்போவுக்குப் போயின. மற்ற இரண்டு கூண்டு மீன்களுக்கு மருந்து போட்டிருக்கிறது, அது உடம்பைவிட்டு இறங்கும்வரை விற்க மாட்டேன், இறங்கிய பிறகும் மருந்து போட்ட மீன் என்று சொல்லித்தான் விற்பேன் என்று சரளா கடை கடையாக ஏறிச் சொன்னாள். கேட்காமலே ஏன் சொல்கிறாய் என்றார் ஒரு கடைக்காரர். கேட்ட பிறகு சொன்னால் யார் நம்புவார்கள் என்றாள்.

கிருஷாந்தியின் ரத்தச் சோதனை அதற்குப் பிறகு வந்தது. பூண்டு நிறுத்தி நாளாகியும் அந்த இரண்டு கூண்டு மீன்களின் காவல் அணுக்கள் சுறுசுறுப்பாகவே இருந்தனவாம். ஆராய்ச்சிக்கூடத் தொட்டியில் ஒருநாள்கூட விடாமல் பூண்டு தின்ற மீன்களுக்கோ அது பழையபடி இறங்கிவிட்டதாம். சரளாவின் அத்தை இதைக் கேட்டுவிட்டு, பார்த்தாயா, அம்மன் மீனுக்கும் காவல் இருந்தாள், இதற்குத்தான் விரதம் வைத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

“இல்ல அத்தே” என்றாள் சரளா. “அம்மன்கிட்ட நான் இவரு காலத்தான் கேட்டேன், அது நிக்குது. மீனப் பத்தி வேண்டிக்கணும்னு எனக்கு ஞாபகமே வரல. இது நான் தெரியாம செஞ்சது, நல்லபடியா விழுந்துச்சு.”

கிருஷாந்தியும் அவசரப்படவில்லை. ஒரு குளத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும் என்றாள். இந்த வருஷம் ஒரு கூண்டுக்கு விடாமல் பூண்டு, ஒரு கூண்டுக்கு விட்டு விட்டு. விடாமல் கொடுக்கிற கூண்டுக்கு விரத நாளில் லியோங் வீட்டில் பூண்டு நசுக்குவதாக ஏற்பாடு. சரளா சம்மதித்துவிட்டாள். அந்தக் கூண்டு மட்டும் விரதம் இல்லை என்று அம்மனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம். லியோங்கின் மூட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள், கூட ஒரு கிலோ பூண்டும். அவர் இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து, எப்படி நசுக்குவது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போகிறார்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது இதெல்லாம் இல்லை. அந்தச் சித்திரையில் மருந்து போட்ட இரண்டு கூண்டுகளுக்கும் கிருஷாந்தி சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டியிருந்தது. பாதியிலேயே மீன்கள் தேறிவிட்டன. சுற்றல் நின்றது, கண் வீக்கம் வற்றியது, இரைக்குப் பாய்ந்தன. ஒருநாள் காலை பவித்ரன் மருந்துத் தீவனத்தை அளந்துகொண்டிருந்தான். எனக்குப் பழைய புத்தி.

“எல்லாம் நல்லா ஆயிருச்சே தம்பி. மிச்சத்த எடுத்து வையி. அடுத்த வெயிலுக்கு ஆவும்.”

அவன் நிமிரவில்லை. கெந்திக் கெந்திப் பலகையின் ஓரத்துக்குப் போனான். “முடிக்கணும்ண்ணே” என்றான். அள்ளி அள்ளிப் போட்டான். கடைசி நாளும் வந்தது. பையைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த தூளையும் தட்டிக் கூண்டுக்குள் உதறினான்.

புதுக் குஞ்சுகளுக்கு அம்மியில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்த சரளா குழவியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.